மாணவர் காசில் ஒரு பசுமை நிதி

சிறு துளி பெரு வெள்ளம் என்பது நாம் பாலர் வகுப்பிலிருந்தே கேட்டுவரும் பழமொழி. அதை ஒரு பல்கலைக்கழகமே செய்து காட்டினால் எப்படியிருக்கும்? வட அமெரிக்காவில் சில பல்கலைக்கழக மாணவர்கள், தாம் செலுத்தும் கட்டணத்தோடு ஒரு சிறு தொகையைத் தாமே மனமுவந்து சேர்த்துக் கொடுத்து, தம் வளாகத்தின் மின்சாரம், நீர், உணவு, குப்பை ஆகியவற்றைச் சீர்செய்ய நிதி அமைத்திருக்கின்றனர். அந்நிதி எவ்வாறு பிறக்கிறது, அதை யார் ஆள்கிறார்கள் என்பதை இங்குக் காண்போம்.

முதற்படி, மாணவர் வாக்கெடுப்பு. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில், காற்றாலை மின்சாரம் வாங்குவதற்காகப் பருவத்துக்கு 1 டாலர் கூடுதலாகக் கட்டலாமா என்ற கேள்வி மாணவர்முன் வைக்கப்பட்டது. பெரும்பான்மையோர் 'ஆம்' என்றனர். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்தில் 2003-இல் பருவத்துக்கு 2 டாலர் என்று தொடங்கிய வழக்கம், 2007-இல் மேலும் 5 டாலர் கொண்ட இரண்டாவது கட்டணமாகவும் வளர்ந்தது. 2015-இல் அங்கு ஏறத்தாழ 21 ஏக்கரில் எழுந்த சூரிய மின்பண்ணைக்கு இந்த மாணவர் நிதியும் கைகொடுத்தது. ஒரு மாணவரின் 2 டாலர் ஒரு தகட்டின் மூலையைக்கூட வாங்காது. பல்லாயிரம் பேரின் 2 டாலரோ ஒரு பண்ணையையே எழுப்பத் துணை நிற்கிறது!

இரண்டாம் படி, நிதியை ஆளும் முறை. இதற்குக் கனடாவின் மாண்ட்ரியல் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழகம் நல்ல சான்று. 2009-இல் அங்குள்ள இளங்கலை மாணவர்கள், தாம் படிக்கும் ஒவ்வொரு பாட அலகுக்கும் 50 சென்ட் தர வாக்களித்தனர். ஒரு பருவத்தில் 15 அலகுகள் படிப்பவர் தரவேண்டியது ஏழரை டாலர். மாணவர் தரும் ஒவ்வொரு டாலருக்கும் ஈடாக மற்றொரு டாலரை நிர்வாகம் தர ஒப்புக்கொண்டது. எனவே, பணத்தைப் பங்கிடும் குழுவிலும் மாணவரும் பணியாளரும் சம எண்ணிக்கையில் அமர்ந்தனர். தலைகளை எண்ணி முடிவு செய்யாமல், அனைவரும் இசையும்வரை பேசி முடிவு காண்பது அக்குழுவின் நெறி. பணம் தருபவர் கேட்பவராக மட்டும் நில்லாமல், தீர்மானிப்பவராகவும் ஆகிறார் அன்றோ?

திட்டங்களை மாணவரும் தரலாம். பேராசிரியரும் ஊழியரும் தரலாம். இந்நிதியின் துணை பெற்ற முயற்சிகளுள் ஒன்று, நகருக்கு வெளியேயுள்ள மக்டொனால்டு வளாகத்தில் விளையும் காய்கறிகளைப் பல்கலைக்கழக உணவுக்கூடங்களுக்கே கொண்டுவந்து சேர்ப்பதாகும்.

மூன்றாவதாக, செலவழித்த பணம் திரும்பி வருமா என்று பார்க்க வேண்டும். இதற்குச் 'சுழல் நிதி' என்றொரு வழி உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 2001-இல் 30 லட்சம் டாலர் கொண்டு இத்தகைய கடன் நிதியை அமைத்தது. அது மாணவர் கட்டணத்தால் ஆனதன்று. ஆயினும் முறை எங்கும் பொருந்தும். பழைய விளக்குகளை மாற்ற 60,000 ரூபாய் ஆகிறது என்றும், அதனால் ஆண்டுக்கு 20,000 ரூபாய் மின்கட்டணம் மிஞ்சுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். மிஞ்சியதை நிதிக்கே திருப்பினால் மூன்று ஆண்டுகளில் முதல் முழுவதும் மீளும். அதே பணம் அடுத்த கட்டடத்துக்குப் போகும்.

இனி, இத்தகைய நிதியைப் பற்றி எழும் ஐயங்களையும் மறைக்கலாகாது. சிறு தொகையும் ஏழை மாணவருக்குச் சுமையே. கலிபோர்னியாவின் பெர்க்லியில் 2007-இல் மாணவர் வாக்கால் அமைந்த பசுமை நிதியில், திரட்டும் பணத்தின் ஒரு பகுதி உதவி தேவைப்படும் மாணவருக்கே ஒதுக்கப்பட்டது. பசுமையின் பெயரால் வறியவரை வருத்தாமலிருக்க இஃது ஒரு வழி. மற்றொரு ஐயம்: ஒழுகும் குழாயைச் செப்பனிடுவது நிர்வாகத்தின் கடமை; அதற்கு மாணவர் ஏன் பணம் தர வேண்டும்? கேள்வி நியாயமானதே. ஆகவேதான் அன்றாடப் பராமரிப்புக்கு இப்பணத்தைத் தொடக்கூடாது, புதிய முயற்சிகளுக்கே தர வேண்டும் என்று முதலிலேயே விதி எழுதி வைப்பது நலம். கணக்கை ஆண்டுதோறும் எல்லோரும் காண வெளியிடுவதும், சில ஆண்டுகளுக்கொருமுறை மீண்டும் மாணவர் வாக்கைக் கேட்பதும் இன்றியமையாதவை. மூன்று நான்கு ஆண்டுகளில் பழைய மாணவர் போய்ப் புதியவர் வந்துவிடுவர். நேற்றையோர் இட்ட வாக்கு இன்றையோரை என்றென்றும் கட்டிவிடலாகாது.

தோழியரே, இம்முயற்சிகளில் வியக்கத்தக்கது டாலர் கணக்கு அன்று. வாக்களித்தவர்களுள் பலர், பலன் கைகூடும்போது அவ்வளாகத்தில் இருக்கமாட்டார்கள் என்று அறிந்தே வாக்களித்தனர். நாளை நாமும் கல்லூரி வாயிலில் நுழைவோம். அங்கு எரியும் விளக்கும், குழாயில் வரும் நீரும் நமக்கு முன்னிருந்தோர் விட்டுச்சென்றவை. நமக்குப் பின் வருவோர்க்கு நாம் எதை விட்டுச்செல்லப் போகிறோம் என்பதை இப்போதே எண்ணத் தொடங்குவோமாக!