உதடும் குரலும்

ஆற்றின் அக்கரையில் ஒருவர் துணி துவைப்பதை இக்கரையிலிருந்து பார்த்திருக்கிறீர்களா? துணி கல்லில் விழுந்து, அவர் கை மறுபடியும் மேலே போன பிறகுதான் சப்தம் நம் காதில் விழும். ஒளி முந்துவதும் ஒலி பிந்துவதும் இயற்கையின் வழக்கம். ஆகையால் நாம் அதைக் கண்டு வியப்பதில்லை.

திரையில் பாடுகிறவரின் உதடு அசையுமுன் குரல் வந்துவிட்டாலோ, 'இது பொய்' என்று மனம் உடனே சொல்லிவிடுகிறது. ஒரு வினாடியை ஆயிரம் கூறாக்கினால், ஒலி அதில் ஏறக்குறைய 45 கூறு முந்தினாலே பார்ப்பவர்கள் கண்டுகொள்கிறார்கள். பிந்தினால் 125 கூறு வரையில் பொறுத்துக்கொள்கிறார்கள். வினாடிக்கு 24 கட்டங்கள் ஓடும் சினிமாவில் ஒரு கட்டத்தின் ஆயுளே சுமார் 42 கூறுதான்!

பேசும் படம் பிறந்த நாளிலேயே இத்தொல்லையும் பிறந்துவிட்டது. 1927-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஜாஸ் ஸிங்கர்' படத்துக்கு ஒலி தனி இசைத்தட்டில் இருந்தது. பிலிம் அறுந்து, அதை ஒட்டும்போது நாலு கட்டம் போய்விட்டால், இசைத்தட்டில் அந்த நாலு கட்டத்தின் ஒலி போகாது. பிறகு சுருள் முடியும் வரையில் உதடு ஒரு வழி, குரல் ஒரு வழி! ஆகவே, போன கட்டங்களுக்கு ஈடாக அத்தனை கறுப்புக் கட்டங்களை ஒட்டிச் சமாளித்தார்கள். படத்தில் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு ஒலியிலும் குறைய வேண்டும். அல்லது குறைந்ததை ஈடு செய்ய வேண்டும். படத்தொகுப்பின் முதற் பாடம் இன்றைக்கும் இதுவே.

படமும் ஒலியும் தனித்தனியே பதிவாகும்போது, அவற்றைச் சேர்த்துவைப்பது 'கிளாப்' பலகை. இரு கட்டைகளும் ஒட்டிய கட்டத்தைப் படத்திலும், 'டக்' என்ற ஓசையை ஒலியிலும் கண்டுபிடித்து, ஒன்றுக்கு நேராக ஒன்றை வைத்தால் போதும்.

'போதும்' என்றா சொன்னேன்? அங்கேதான் என் நண்பர் ஏமாந்தார். அவர் தம் அத்தை பாடியதைக் காமிராவில் படமாகவும், வேறொரு கருவியில் ஒலியாகவும் பதிவு செய்திருந்தார். அந்த அம்மாள் இப்போது இல்லை. ஆரம்பத்தில் அழகாகப் பொருந்திய பாட்டு, ஒரு மணி நேரத்துக்குப் பின் விலகி, உதடு ஓய்ந்த பிறகும் குரல் ஒலித்தது. இரண்டு கருவிகளின் கடிகாரங்களும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலும் மணிக்கு 3.6 வினாடி ஆகிவிடுமே! தொடக்கத்தை மட்டும் சரி செய்தால் முடிவு எப்படிச் சரியாகும்?

முடிவில் கிளாப் அடிக்க யாரும் நினைக்கவில்லை. ஆனால் அத்தை கடைசி வரையில் தொடையில் தாளம் போட்டிருந்தார்! முதல் தட்டையும் கடைசித் தட்டையும் அடையாளமாகக் கொண்டு, நண்பர் கணினியில் ஒலியை இம்மியளவு சுருக்கினார். நடுவிலிருந்த பாட்டெல்லாம் தானே உதட்டில் வந்து அமர்ந்தது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களைப் பதிவு செய்யும்போது, ஆரம்பத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் காமிராவுக்கு முன் கை தட்டிவிடுங்கள். எல்லோரும் தாளம் போடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியுமா?