உப்பின் பங்காளி

1940-களின் இறுதியில் அமெரிக்கக் கடைகளில் ஒரு மாற்று உப்பு விற்றது. இதய நோய்க்காக உப்பை ஒதுக்கியவர்கள், நாக்குக்கு ருசி திரும்பிய மகிழ்ச்சியில் அதைத் தாராளமாகத் தூவிச் சாப்பிட்டார்கள். கை நடுங்கியது, நடை தள்ளாடியது. சிலர் இறந்தே போனார்கள். 1949-இல் அது கடைகளிலிருந்து அகற்றப்பட்டது. அதுதான் லித்தியம் குளோரைடு.

அதே ஆண்டு செப்டம்பரில், மெல்போர்ன் மனநல மருத்துவர் ஜான் கேட் எழுதிய கட்டுரை லித்தியத்தின் மறுமுகத்தைக் காட்டியது. தானே முதலில் உட்கொண்டு பார்த்துவிட்டு, தூக்கமின்றி ஓயாத பேச்சும் பரபரப்புமாக இருந்த 10 நோயாளிகளுக்கு அவர் லித்தியம் கொடுத்திருந்தார். பத்துப் பேரிடமும் மாற்றம் தெரிந்தது. ஐந்து ஆண்டுகள் அடங்காதிருந்த ஒருவர் சில மாதங்களில் வீடு திரும்பி, பழைய வேலையிலும் சேர்ந்தார். 1950-இல் அவர் உயிரைப் பறித்ததும் உடலில் மிகுந்துபோன லித்தியமே.

காப்பதும் கொல்வதும் அளவுதான். பைபோலார் எனும் இருமுனை மனநோய்க்கு இன்றும் தரப்படும் லித்தியம், ஒரு லிட்டர் ரத்தத்தில் பொதுவாக 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். 1.5-ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும்.

அந்த அளவைத் தீர்மானிப்பதில் மாத்திரையோடு சாப்பாட்டுக்கும் பங்குண்டு. தனிம அட்டவணையில் லித்தியமும் சோடியமும் ஒரே குடும்பத்துப் பங்காளிகள். சிறுநீரகத்துக்கு இரண்டையும் சரியாகப் பிரித்தறியத் தெரியாது. உப்பும் நீரும் குறைந்தால், உள்ள சோடியத்தை வெளியே விடாமல் அது இழுத்துப் பிடிக்கும். கூடவே லித்தியமும் தங்கிவிடும். திடீரென உப்பைக் குறைப்பவர், தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதமிருப்பவர், வெயிலில் வியர்வை கொட்ட உழைப்பவர், வயிற்றுப்போக்கில் துவண்டவர் ஆகியோருக்கு அதே மாத்திரையே அதிகமாகிவிடலாம். உப்பு திடீரெனக் கூடினாலோ லித்தியம் சிறுநீரில் வெளியேறி, நோய் தலைதூக்க வழியாகும்.

இந்த நோய்க்கு ஊட்டச்சத்துக் குப்பிகளைத் தேடுவோரும் முதலில் கவனிக்க வேண்டியது இந்த உப்பு, நீர் அளவைத்தான். மீன் எண்ணெயின் ஒமேகா-3 இந்நோயின் சோர்வுநிலையில் ஓரளவு உதவலாம் எனச் சில ஆய்வுகள் சொல்கின்றன. பரபரப்பு நிலையை அது அடக்குவதாகத் தெரியவில்லை. மனச்சோர்வுக்கென விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையோ பரபரப்பையே கிளப்பிவிடக்கூடும்.

ஆகவே, ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொன்னாலும், விரதம் தொடங்க நினைத்தாலும், லித்தியம் தரும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நாள்தோறும் ஒரே அளவாக உப்புப் போடும் கையும், சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்துவைக்கும் கையும் லித்தியம் உட்கொள்பவரின் வீட்டில் மருத்துவத்தில் பாதியைச் செய்கின்றன.