ஒட்டியாச்சு, இடிக்கலாம்

1981 ஜூலையில் மகாராஷ்டிர முதல்வர் ஏ.ஆர்.அந்துலே, பம்பாய் நடைபாதைவாசிகளை அகற்றி அவரவர் ஊருக்கே அனுப்பப்போவதாக அறிவித்தார். கொட்டும் மழைக்காலம். வறட்சிக்குத் தப்பி 1961-ல் சேலத்திலிருந்து பிழைக்கப் போன நிலமற்ற கூலி ஒருவர், தஹிசரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் நாளுக்கு 23 ரூபாய்க்கு வேலை பார்த்தார். நடைபாதையில் பிளாஸ்டிக் ஷீட்டுக்குக் கீழே குடும்பம். மாநகராட்சி அவரைச் சேலம் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டது. வேலை தேடித் திரும்பி வந்தவர், உச்ச நீதிமன்றத்தில் மனுதாரர்களில் ஒருவரானார்.

அன்றைய மாநகராட்சி வழக்கறிஞருக்கு வேலை சுலபம். 1888-ம் ஆண்டு பம்பாய் மாநகராட்சிச் சட்டத்தின் 314-வது பிரிவு, நடைபாதையை அடைப்பவற்றை நோட்டீஸ் இல்லாமலேயே அகற்ற ஆணையருக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. ஆக்கிரமித்தவரிடம் பதிலே இருக்காது, பிறகு எதற்கு நோட்டீஸ் என்பது வாதம். ஒய்.வி.சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் 1985 ஜூலை 10-ல் அதை ஏற்கவில்லை. பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும், நோட்டீஸ் கொடுப்பதே முறை, கொடுக்காமல் விடுவது விதிவிலக்கு என்றார்கள். சொன்ன கையோடு, ஆணையர் கேட்காததை நாங்களே விரிவாகக் கேட்டுவிட்டோம், மறுபடி விசாரணை தேவையில்லை என்று முடித்து, மழை ஓயும்வரை, அக்டோபர் 31 வரை, தவணை கொடுத்தார்கள். ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று அறியப்படும் இந்தத் தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் கொண்டாடும்போது இந்தக் கடைசிப் பகுதியை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

அதற்குப் பிறகு நோட்டீஸ் ஒரு சடங்கானது. சுவரில் ஒட்டு, போட்டோ எடு, கோப்பில் சேர். பிரயாக்ராஜில் 2021-ல் நடந்தது அதன் உச்சம்: இடிப்பு உத்தரவு மார்ச் 6-ல் கைக்கு வந்தது, மறுநாளே புல்டோசர். மேல்முறையீட்டுக்கு ஒரு வேலைநாள்கூட இல்லை. அந்த நகர வளர்ச்சி ஆணையம் வீட்டுக்காரர்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2025 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நேரில் கொடுக்க உண்மையாக முயலாமல் ஒட்டிவிட்டுப் போகும் பழக்கத்தையும் கண்டித்தது.

அதற்குள் விதிகளே மாறிவிட்டன. 2024 நவம்பர் 13-ல் நீதிபதிகள் பி.ஆர்.கவாய், கே.வி.விஸ்வநாதன் அமர்வு, நாடு முழுமைக்கும் நடைமுறை வகுத்தது. ஒப்புகையுடன் பதிவுத் தபால், கட்டடத்தில் ஒட்டுதல், கிடைத்ததிலிருந்து 15 நாள் அவகாசம். பின்தேதி போட்டு நோட்டீஸ் தயாரிக்கும் பழைய கைவேலைக்கும் பூட்டுப் போட்டார்கள்: நோட்டீஸ் போனதும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் தெரிவிக்க வேண்டும், அங்கிருந்து தானாகவே ஒப்புகை வர வேண்டும். நேரில் விசாரித்து, பேசியதைக் குறித்துவைக்க வேண்டும். இடிப்பதைத் தவிர ஏன் வேறு வழியில்லை என்று உத்தரவில் எழுத வேண்டும். அதற்குப் பிறகும் 15 நாள். இடிப்பதை வீடியோ எடுக்க வேண்டும். மீறினால் நீதிமன்ற அவமதிப்பு. திரும்பக் கட்டித்தரும் செலவு அதிகாரியின் சொந்தப் பணம்.

உள்ளாட்சி வழக்கறிஞரின் வேலை இதனால் தலைகீழாகிவிட்டது என்பேன். முன்பு இடித்த பிறகு கோப்பு வரும், நீதிமன்றத்துக்குப் பதில் மனு தயாரித்தால் போதும். இப்போது தபால் போகும் முன்பே அவர் கோப்பைப் பார்த்தாக வேண்டும். பார்க்காவிட்டால் பின்னால் காப்பாற்ற எதுவும் மிஞ்சாது. அவசரப்படும் அதிகாரியிடம் ‘சார், இது நிற்காது’ என்று சொல்லும் தைரியமும் வேண்டும். அடுத்த ஆண்டும் அதே அலுவலகத்தின் வழக்குகளை நம்பியிருக்கும் வழக்கறிஞருக்கு அது எளிதல்ல.

இத்தனைக்குப் பிறகும் இந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்பவர்கள் உண்டு. சாலை, தெரு, நடைபாதை, ரயில் பாதையோரம், ஆறு, நீர்நிலை ஆகிய இடங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளுக்கு 2024 வழிகாட்டுதல்கள் பொருந்தாது. சென்னையில் கூவம், அடையாறு கரைக் குடியிருப்புகளை நினைத்துப் பார்த்தால் இந்த விலக்கின் கனம் புரியும். இதைப் படித்துவிட்டு நோட்டீஸே வேண்டாம் என்று ஒரு வழக்கறிஞர் ஆலோசனை சொன்னால் அது தவறு. ஐந்து நீதிபதிகளின் 1985 தீர்ப்பு அப்படியே இருக்கிறது. ஆனால் அதில் நாள் கணக்கு இல்லை. 2014-ம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, நடைபாதையில் தள்ளுவண்டி போட்டிருப்பவரை அகற்ற 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். அதே நடைபாதையில் குடும்பத்தோடு படுத்திருப்பவருக்கு எத்தனை நாள் என்று 1985, 2024 தீர்ப்புகள் இரண்டும் சொல்லவில்லை.