இணையச் சமநிலை: நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

'நெட் நியூட்ராலிட்டி' என்ற சொல்லைப் பார்த்ததும் நம்மில் பலர் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். கணிப்பொறிக்காரர்கள் சமாசாரம், நமக்கெதற்கு என்று தோன்றும். ஆனால் ஊரை விட்டு வெகுதூரம் வந்து குடியிருக்கும் நம்மைப் போன்றவர்களுக்குத்தான் இது மிகவும் வேண்டியது என்பது என் கருத்து.

முதலில் விஷயம் என்ன என்று பார்ப்போம். கடிதத்துக்குள் இருப்பது கல்யாணச் செய்தியா, கடன் கேட்கும் செய்தியா என்று பார்த்துத் தபாலாபீசில் காசு கேட்பதில்லை. எடைக்குத்தான் தபால்தலை. மின்சார வாரியமும் எந்தக் கம்பெனி கிரைண்டர் என்று கேட்டு பில் போடுவதில்லை. இணையத்திலும் அப்படித்தான் இருக்கவேண்டும். டேட்டாவுக்குப் பணம் கட்டியபின் எதைப் படிப்பது, யாரோடு பேசுவது என்பது நம் இஷ்டம். ஒரு தளத்துக்கு வேகம், இன்னொன்றுக்கு மந்தம். ஒன்றுக்கு இலவசம், மற்றதற்குக் கூடுதல் கட்டணம் என்று தொலைபேசிக் கம்பெனி பேதம் பார்க்கக் கூடாது. இந்தக் கொள்கைக்கு 2003ல் பெயர் சூட்டியவர் டிம் வூ என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்.

எஸ்.டி.டி. காலம் நினைவிருக்கிறதா?

இரவில் கட்டணம் குறையும்வரை காத்திருந்து, பூத்தில் வரிசையில் நின்று, மீட்டரில் ஓடும் எண்ணைப் பார்த்தபடியே அம்மாவோடு பேசியவர்கள் நாம். "உடம்பு எப்படியிருக்கு? சரி, வச்சிடறேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இன்று பேத்தி நடக்கப் பழகுவதைத் திருநெல்வேலியில் இருக்கும் பாட்டி வீடியோவில் பார்க்கிறாள்.

இந்த வசதிக்கு 2014 டிசம்பரில் ஆபத்து வந்தது. இணையம் வழியாகப் பேசுவதற்குத் தனிக் கட்டணம் வாங்கப்போவதாக ஏர்டெல் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பவே, சில நாட்களில் அதைக் கைவிட்டது. கம்பெனிகள் தரப்பு வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். அலைக்கற்றைக்குக் கோடி கோடியாகக் கொட்டுகிறோம். வாட்ஸப், ஸ்கைப் போன்றவை எங்கள் வலைப்பின்னலிலேயே சவாரி செய்து எங்கள் வருமானத்தைக் குறைக்கின்றன என்றார்கள். ஆனால் அந்தச் சவாரிக்கான டேட்டாவை நாம் காசு கொடுத்துத்தானே வாங்குகிறோம்!

பத்து லட்சம் கடிதங்கள்

2015 மார்ச் 27 அன்று 'டிராய்' எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இது பற்றி ஓர் ஆலோசனை அறிக்கை வெளியிட்டது. 118 பக்கங்கள், 20 கேள்விகள், கரடுமுரடான ஆங்கிலம். ஏப்ரல் 24க்குள் பொதுமக்கள் கருத்துச் சொல்லவேண்டும். இப்படிப்பட்ட அறிக்கைகளைக் கம்பெனிக்காரர்களையும் வக்கீல்களையும் தவிர யார் படிப்பார்கள்?

இம்முறை படித்தார்கள். வக்கீல்களும் பத்திரிகையாளர்களும் மென்பொருள்காரர்களுமாகச் சிலர் 'சேவ் தி இன்டர்நெட்' என்ற பெயரில் தாமாகவே சேர்ந்து, அறிக்கையைச் சுருக்கி, மாதிரிப் பதில்களைத் தயாரித்து வைத்தார்கள். ஏ.ஐ.பி. என்ற நகைச்சுவைக் குழு வீடியோவில் விளக்கியது. இதற்கிடையே 'ஏர்டெல் ஜீரோ' வந்தது. தளம் நடத்துபவர் பணம் கட்டினால் பார்ப்பவருக்கு இலவசம் என்பது திட்டம். அதில் சேரப் பேசிக்கொண்டிருந்த ஃபிளிப்கார்ட், மக்களின் கோபத்தைக் கண்டு விலகிக்கொண்டது. கெடு முடிவதற்குள் டிராய்க்குப் போன மின்னஞ்சல்கள் 10 லட்சத்துக்கும் மேல்!

அதில் என்னுடையதும் ஒன்று. மாதிரிப் பதிலோடு சொந்தமாகவும் இரண்டு வரி சேர்த்தேன். தமிழில் சிறு பத்திரிகை நடத்துபவருக்கு அச்சுக்கூலி கொடுப்பதே திண்டாட்டம். அவர் எங்கே போய்த் தொலைபேசிக் கம்பெனிக்குப் பணம் கட்டுவார் என்று கேட்டிருந்தேன். 1998லிருந்து நம் இலக்கியங்களைத் தொண்டர்களே தட்டச்சு செய்து இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். பெரிய கடைகளின் தளங்கள் இலவசம், அதற்கு மட்டும் கட்டணம் என்றானால் யார் அந்தப் பக்கம் போவார்கள்?

இலவசத்தை வேண்டாம் என்பதா?

அடுத்து வந்தது ஃபேஸ்புக். 2015 பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து தொடங்கிய திட்டத்துக்கு, செப்டம்பரில் 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று பெயர் மாற்றியது. டிசம்பரில் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரங்கள். ஏழைக்கு இலவச இணையம் கிடைப்பதை எதிர்க்கலாமா என்ற தொனியில் பிரசாரம் நடந்தது.

"என்னங்க, சும்மா குடுத்தா நமக்கு என்ன நஷ்டம்?" என்று என் மனைவியே கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே கிடைத்தது முழு இணையம் இல்லை. ஃபேஸ்புக் வகுத்த விதிகளுக்கு உட்பட்ட சில தளங்கள் மட்டுமே. வீடியோவுக்கு இடமில்லை, இணையவழிப் பேச்சுக்கும் இடமில்லை. அதாவது, பாட்டி பேத்தியைப் பார்க்கமுடியாது! சந்தைக்கு இலவச வண்டி விடுகிறேன், ஆனால் நான் காட்டும் கடைகளில்தான் இறங்கவேண்டும் என்று வண்டிக்காரர் சொன்னால் மற்ற கடைக்காரர்கள் என்ன ஆவது? இதைச் சொன்னதும், "அப்படின்னா வேண்டாம்" என்றாள்.

2016 பிப்ரவரி 8 அன்று டிராய் தீர்ப்புச் சொன்னது. பார்க்கும் விஷயத்தைப் பொறுத்து டேட்டா கட்டணத்தில் பேதம் காட்டக்கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் அபராதம். அந்த வாரமே ஃபேஸ்புக் இங்கே கடையைக் கட்டியது. அந்தச் செப்டம்பரில் ஜியோ வந்தபின் டேட்டா விலை வேகமாகச் சரிந்து, எளியவர்கள் கைக்கு முழு இணையமே வந்தது. 2018 ஜூலையில், தளங்களைத் தடுப்பதும் வேகத்தைக் குறைப்பதும் கூடாது என்ற கொள்கையை அரசு ஏற்று, பின்னர் கம்பெனிகளின் உரிம நிபந்தனைகளிலேயே சேர்த்தது.

முடிந்த கதையா?

இல்லை. அமெரிக்காவில் 2015ல் கொண்டுவந்த விதியை 2017ல் எடுத்தார்கள். 2024ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2025 ஜனவரியில் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. இங்கும் அதிகப் போக்குவரத்து உண்டாக்கும் பெரிய தளங்கள் தங்களுக்குப் பங்கு தரவேண்டும் என்று தொலைபேசிக் கம்பெனிகள் கேட்டன. 2023 ஜூலையில் டிராய் மறுபடியும் ஓர் ஆலோசனை அறிக்கை விட்டது. பெரிய கம்பெனிகள்தானே கட்டப்போகின்றன என்று சும்மா இருக்கமுடியாது. பணம் வாங்கிக்கொண்டு வழிவிடும் வழக்கம் ஒருமுறை ஏற்பட்டால், நாளை சிறியவரின் தளத்துக்கும் அந்தச் சீட்டு வரும்.

டிராயின் அறிக்கைகளுக்கு யார் வேண்டுமானாலும் பதில் எழுதலாம், சங்கங்களும் எழுதலாம். நம் சங்கத்தில் கணிப்பொறித் துறை இளைஞர்களுக்குப் பஞ்சமில்லை. அடுத்த அறிக்கை வரும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அதைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்டு, சங்கத்தின் பெயரிலேயே ஒரு பதில் அனுப்பலாமே! செயற்குழு அன்பர்கள் யோசிக்க வேண்டுகிறேன்.