ஒரு பனியனும் நூறு கிராம் உப்பும்

அகமதாபாத்தில் வாழும் நமக்குத் துணி புதிதல்ல. 1861-ல் ரண்சோட்லால் சோட்டாலால் இங்கே முதல் பஞ்சாலையை ஓட்டிய நாளிலிருந்து இந்த ஊர் நூலையும் சாயத்தையும் நம்பி வளர்ந்தது. கோவை தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று நாம் பெருமை பேசினால், குஜராத்தி நண்பர்கள் இந்தியாவின் மான்செஸ்டரே எங்கள் ஊர்தான் என்பார்கள். இரண்டு ஊர்ப் பெருமைக்கும் பின்னால் ஆறுகளின் கதை ஒன்று உண்டு. அதை நம் சங்க அன்பர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

சாயப்பொருள் வியாபாரத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் இருந்தவன் நான். வட்வா, நரோடா, அங்கலேஷ்வர் பகுதிகளில் தயாராகும் சாயம் திருப்பூருக்குப் போகும். அதே சாயம் பனியனாகவும் டீ சர்ட்டாகவும் திரும்பி நம் கடைவீதிக்கு வரும். ஆகவே இது ஏதோ ஊரில் இருக்கும் ஒரு பிரச்சினை மட்டுமல்ல, நம் ஊருக்கும் அதில் பங்கு உண்டு.

முதலில் பருத்தித் துணியில் சாயம் எப்படி ஏறுகிறது என்று பார்ப்போம். பருத்தி இழை தண்ணீரில் நனைந்ததும் எதிர் மின்னேற்றம் பெறுகிறது. இன்று பெரும்பாலும் பயன்படும் ரியாக்டிவ் சாயத்துக்கும் அதே மின்னேற்றம்தான். ஒரே இனம் ஒன்றையொன்று விலக்கும் அல்லவா? அந்த விலகலைத் தணித்துச் சாயத்தை இழைக்குள் தள்ளுவதற்கு உப்பு வேண்டும். பிறகு சோடா உப்பைச் சேர்த்தால் சாயம் இழையோடு இறுகப் பிணைந்துகொள்ளும். துவைத்தாலும் போகாது.

கணக்கைக் கேளுங்கள். கருநீலம், கறுப்பு போன்ற அடர்த்தியான நிறத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராமும் அதற்கு மேலும் உப்புப் போடுவார்கள். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர் என்றால் கிட்டத்தட்ட அரை கிலோ உப்பு. 200 கிராம் எடையுள்ள ஒரு டீ சர்ட்டுக்குச் சுமார் 100 கிராம். நம் வீட்டுச் சமையலில் ஒரு நாளில் இவ்வளவு உப்புச் செலவாகுமா என்று தாய்மார்கள்தான் சொல்ல வேண்டும்.

சாயத்தில் ஒரு பகுதி துணியில் ஏறாமல் தண்ணீரிலேயே நின்றுவிடுகிறது. உப்போ முழுவதுமாகத் தண்ணீரோடு வெளியே போகிறது. நிறத்தையும் அழுக்கையும் சுண்ணாம்பு, நுண்ணுயிர் போன்றவற்றால் பெருமளவு நீக்கலாம். கரைந்த உப்பு அப்படிப் போகாது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தண்ணீரே வயலைக் கெடுப்பது இதனால்தான். கழிவுநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. சாயத் தொட்டியில் இருப்பது அதைப் போலப் பல மடங்கு.

திருப்பூரில் நடந்தது இதுதான். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், திருப்பூரைக் கடந்து கரூர் அருகே காவிரியில் கலக்கிறது. பின்னலாடை ஏற்றுமதி வளர வளர, சாயப்பட்டறை, சலவைப் பட்டறைகளின் கழிவு ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்காக 1992-ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சில வருடங்களிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறிவிட்டது. கிணறுகள் உப்பாயின, பயிர்கள் கருகின. விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

2006-ல் சென்னை உயர்நீதிமன்றம், கழிவுநீர் ஒரு சொட்டும் ஆற்றில் விடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னது. அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. துணி சாயத்துக்காக வெளியூருக்கும் வெளிமாநிலங்களுக்கும் போனது. தினக்கூலியை நம்பியிருந்த குடும்பங்கள் தவித்தன. விவசாயியின் கண்ணீரும் தொழிலாளியின் கண்ணீரும் எதிரெதிரே நின்ற காலம் அது.

அதன் பிறகுதான் ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ என்ற முறை அங்கே வேர் பிடித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுநீரை முதலில் நுண்ணுயிர் கொண்டு சுத்தம் செய்கிறார்கள். பின்பு, நம் வீட்டில் குடிநீருக்கு வைத்திருக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தின் பெரிய அண்ணன் போன்ற ஒன்றில் செலுத்துகிறார்கள். நல்ல தண்ணீர் மறுபடி பட்டறைக்குப் போகிறது. மிஞ்சும் உப்புக் கரைசலை நீராவியால் சுண்டக் காய்ச்சி, உப்பையும் திரும்ப எடுத்துச் சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். நொய்யலுக்கு இது பெரிய உதவி. ஆனால் ஆவிக்கு எரிபொருள் வேண்டும், அதற்குப் புகை உண்டு. பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டைகளாகத் தேங்குகிறது. செலவும் அதிகம். ஆகவே தண்ணீரையும் உப்பையும் குறைத்துச் சாயமேற்றும் இயந்திரங்களும் முறைகளும்தான் அடுத்த படி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். புற்றுநோய் அபாயம் உள்ள பொருள்களை வெளிவிடும் சில அசோ சாயங்களை 1990-களில் ஜெர்மனி தடை செய்தது. 1997-ல் நம் நாடும் தடை செய்தது. வாங்குபவர் நிபந்தனை போட்டதும் எங்கள் வியாபாரமே தலைகீழாக மாறியது. அந்த நிபந்தனை உடுத்துபவரின் தோலைக் காத்தது. ஆற்றைக் காக்க விவசாயிகளும் நீதிமன்றமும்தான் வர வேண்டியிருந்தது. வாங்குபவர் எதைக் கேட்கிறாரோ அதைத்தான் தொழில் முதலில் திருத்திக்கொள்கிறது.

மனிதர் விஷயமும் அப்படியே. ‘சுமங்கலித் திட்டம்’ என்ற மங்களமான பெயரில், தமிழ்நாட்டு நூற்பாலைகள் பல ஏழைப் பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கின. முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்பது வாக்குறுதி. உடல்நலம் கெட்டு நடுவில் நின்றவர்கள் அந்தப் பணத்தை இழந்ததும் உண்டு. 2013-ல் வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர் மாண்ட பிறகுதான் உலகம் தையல் தொழிலாளியைத் திரும்பிப் பார்த்தது. நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. 2022-ல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தில், பாலியல் தொல்லையையும் சாதிப் பாகுபாட்டையும் தடுக்கும் பொறுப்பைத் தொழிற்சங்கமும் ஆலையும் வெளிநாட்டு வணிக நிறுவனமும் சேர்ந்து ஏற்றன.

குஜராத்தின் ஜேத்பூரில் பாதர் நதிக்கும், ராஜஸ்தானின் பாலியில் பாண்டி நதிக்கும் நொய்யலின் கதிதான் நேர்ந்தது. ஓர் ஊரில் மட்டும் கண்டிப்பு இருந்தால், அழுக்கு சட்டம் தளர்ந்த அடுத்த ஊருக்குக் குடிபெயரும். நேர்மையாகச் செலவு செய்பவர் விலைப்போட்டியில் தோற்பார். ஆகவே விதி நாடு முழுவதற்கும் ஒன்றாக இருந்து, ஒன்றாகவே அமலாக வேண்டும் என்பது என் அனுபவத்தில் கண்ட உண்மை.

நம் பங்குக்கு என்ன செய்யலாம்? தீபாவளிக்கு நான்கு மலிவுச் சட்டைகளுக்குப் பதில் நன்றாக உழைக்கும் இரண்டை எடுக்கலாம். வெளிர் நிறம் எடுத்தால் உப்பும் சாயமும் குறைவு. கிழிந்ததைத் தைத்து உடுத்துவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. நம் பெற்றோர் அப்படித்தான் வாழ்ந்தார்கள். ஒரு சட்டையின் விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், மீதி விலையை யாரோ ஒருவர் எங்கோ கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். அது ஒரு விவசாயியின் கிணறாக இருக்கலாம், ஓர் ஏழைப் பெண்ணின் உடல்நலமாக இருக்கலாம்.