பாடம் கேட்டலும் கட்டுரை வரைதலும்: இணையவழி ஆய்வெழுத்துக் கல்வி – பள்ளிப்பட்டு வட்டத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கல்லூரி நிலையில் கட்டுரை எழுதும் திறனையும் ஆய்வுத்திறனையும் இணையவழியே பெறுவதற்கான வாயில்கள் இன்று பல உள்ளன. எனினும் அவற்றுள் பெரும்பாலானவை பாடம் கேட்டலோடு நின்றுவிடுகின்றன. கற்றலை ஆசிரியரிடம் கேட்டல், உடன்பயில்வோரோடு பயிலல், பிறர்க்கு உரைத்தல் எனப் பகுத்துக் காணும் நன்னூலின் பொதுப்பாயிரக் கருத்தை அளவுகோலாகக் கொண்டு இக்குறையை இக்கட்டுரை விளக்குகிறது. திருவள்ளூர் மாவட்டப் பள்ளிப்பட்டு வட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அதனை நிறைவு செய்யும் முறையொன்றையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: இணையவழிக் கல்வி, ஆய்வெழுத்து, நன்னூல், பொதுப்பாயிரம், பள்ளிப்பட்டு, வரைவு, திருத்தம்.

முன்னுரை

தமிழகத்தின் வட எல்லையில் ஆந்திர மாநிலத்தை ஒட்டி அமைந்துள்ளது பள்ளிப்பட்டு வட்டம். தமிழும் தெலுங்கும் வீட்டிலும் கடைத்தெருவிலும் கலந்து வழங்கும் பகுதி இது. பொதட்டூர்பேட்டை முதலிய ஊர்களில் நெசவு முதன்மைத் தொழில்களுள் ஒன்றாக விளங்குகிறது. கன்னிமாரா நூலகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆகியன சென்னையில் உள்ளன. அவற்றைப் பயன்படுத்த விரும்பும் இவ்வட்டத்து மாணவர் போக்குவரத்திற்கே ஒரு நாளின் பெரும்பகுதியைச் செலவிட வேண்டும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் ஒருவருக்கு இணையம் இத்தொலைவைக் குறைக்கிறது. அவ்வாறு குறைத்த பின்னும் எஞ்சி நிற்பது யாது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இணையம் தந்துள்ளவை

மதுரைத் திட்டம் 1998ஆம் ஆண்டு முதல் தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் தந்து வருகிறது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கப்பெற்றுப் பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்ற நிறுவனம், சான்றிதழ் முதல் பட்டம் வரையிலான பாடங்களை இணையத்தில் அமைத்துள்ளது. அதன் மின்னூலகத்தில் அரிய பதிப்புகள் படிக்கக் கிடைக்கின்றன. ஈழத்து எழுத்தாவணங்களுக்கு நூலகம் திட்டம் உள்ளது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சோத்கங்கா தளம் தொகுத்துள்ளது. 2017இல் நடுவணரசு தொடங்கிய சுவயம் தளத்தில் கர்வால் பல்கலைக்கழகம் கல்விசார் எழுத்து குறித்து ஆங்கில வழிப் பாடமொன்றை வழங்கியுள்ளது. முனைவர்ப் பட்ட ஆய்வாளர்க்கு ஆய்வு, வெளியீட்டு அறம் பற்றிய பாடத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் கட்டாயமாக்கியது.

ஆகவே நூலின்மையோ பாடமின்மையோ இன்றைய தலையாய குறையன்று. இப்பாடங்கள் மாணவரிடம் எதனை எதிர்பார்க்கின்றன என்பதே ஆராயத்தக்கது. தமிழ் இணையக் கல்விக்கழகப் பாடங்களின் இடையிடையே தன்மதிப்பீட்டு வினாக்கள் உள்ளன, விடைகளும் உடனிருக்கின்றன. சுவயம் பாடங்கள் காணொளி, படிப்புப்பொருள், தன்மதிப்பீடு, கலந்துரையாடல் என்னும் நான்கு கூறுகளால் அமைந்தவை. இவற்றுள் தன்மதிப்பீடு படித்ததை நினைவிற் கொண்டுள்ளமையைச் சோதிக்க வல்லது. ஒரு வாதம் முன்னுக்குப் பின் முரணாமல் நடந்துள்ளதா, சான்று கருத்தைத் தாங்குகிறதா என்பனவற்றை அதனால் அறிய இயலாது. அவற்றை அறிய, மாணவர் எழுதிய வரைவை மற்றொருவர் படித்தாக வேண்டும்.

நன்னூல் காட்டும் அளவுகோல்

கி.பி. 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த நன்னூலின் பொதுப்பாயிரம் நூல், ஆசிரியன், பாடஞ்சொல்லல், மாணாக்கன், பாடங்கேட்டல் ஆகியவற்றின் இலக்கணத்தை உரைக்கிறது. பாடங்கேட்டல் பற்றிய பகுதியில் பவணந்தியார் கற்றலை நான்கு காற்கூறுகளாகப் பகுக்கிறார். ஆசிரியர் உரைத்ததை நன்கு மனங்கொண்டாலும் மாணாக்கர் பெறுவது ஒரு காற்கூறே. உடன்கற்பாரோடு பயில்வதால் மற்றொரு காற்கூறு வாய்க்கும். எஞ்சிய இரு கூறுகளும் கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைப்பதால் அமையும்.

இப்பகுப்பை இணையவழிக் கல்வியொடு பொருத்திக் காணலாம். காணொளியை மீளமீளக் கேட்கும் வசதி முதற் காற்கூற்றைச் செம்மையாக்குகிறது. ஒருமுறைக்கு மேற்பட்டுக் கேட்பதன் பயனை நன்னூலும் வற்புறுத்துகிறது என்பதால், இவ்வசதி மரபுக்கு மாறானதன்று. ஆயின் தனியே கைப்பேசியின் முன் அமர்ந்து கற்பவர்க்கு இரண்டாம் கூறு எளிதில் வாய்ப்பதில்லை. பாதியாக மதிக்கப்பெற்ற உரைத்தல், அதாவது தன் சொல்லால் ஒழுங்குபடுத்திப் பிறர் ஏற்குமாறு எழுதுதல், பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. கேட்டவுடன் முழுக் கட்டுரையையே ஆக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துள்ள இக்காலத்தில், இவ்விடுபாடு கண்ணுக்குத் தெரியாமலும் போகக்கூடும்.

இதன் விளைவு எளியதன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, ஆய்வேட்டின் ஒப்புமை 10 விழுக்காட்டைக் கடந்தால் ஆய்வாளர் அதனைத் திருத்தி மீண்டும் அளிக்க வேண்டும். 60 விழுக்காட்டைக் கடந்தால் பதிவே நீக்கப்படலாம். இளநிலையில் எடுத்தெழுதியே பழகிய மாணவர் இவ்விதியைச் சந்திப்பது ஆய்வின் இறுதிக் கட்டத்தில்தான். மென்பொருள் சொற்றொடர் ஒப்புமையை அளக்கும். கருத்து எழுதியவருடையதா என்பதை அளவாது. அதனைக் கற்பிக்க வேண்டிய இடம் முதற் கட்டுரையின் முதல் வரைவே.

தேடலும் ஓர் ஆய்வுத்திறன்

இணையத்தில் ஆவணம் இருப்பதும் அது மாணவர் கைக்குக் கிட்டுவதும் ஒன்றல்ல. பள்ளிப்பட்டுப் பகுதியின் பழைய நெசவுத்தொழிலைப் பற்றி ஒருவர் எழுத முனைகிறார் எனக் கொள்வோம். திருவள்ளூர் மாவட்டம் என்னும் தொடரைக் கொண்டு தேடினால் பழைய ஆவணங்கள் பல அகப்படா. அம்மாவட்டம் உருவானதே 1997இல்தான். அதற்கு முன் இப்பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. மாநில எல்லை மாற்றச் சட்டம் 1960 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வரும்வரை சித்தூர் மாவட்டத்தில், திருத்தணி வட்டத்தோடு இணைந்திருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தது முதல் அந்நாள் வரையிலான அரசு ஆவணங்கள் அம்மாநிலத்தின் பெயரில் இருக்கும். சித்தூர் மாவட்டம் உருவான 1911ஆம் ஆண்டுக்கு முற்பட்டவற்றை வட ஆர்க்காடு என்னும் தலைப்பில் தேட வேண்டும். காக்ஸ் தொகுத்து 1881இல் வெளிவந்த வட ஆர்க்காடு மாவட்டக் கையேடு அவ்வகைச் சான்றுகளுள் ஒன்று. ஓர் ஊரின் வரலாற்றை எழுத நான்கு மாவட்டப் பெயர்களை அறிந்திருக்க வேண்டும் என்பதை எந்தத் தேடுபொறியும் தானே கற்பிப்பதில்லை.

தமிழுக்கே உரிய இடர்களும் உள்ளன. வேற்றுமையும் புணர்ச்சியும் சொல்லின் வடிவை மாற்றுவதால், நூல் எனத் தேடுவோர்க்கு நூற்பா, நூற்றல் ஆகியன அகப்படாமற் போகலாம். ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் தட்டச்சிட்ட ஆய்வேடுகளும் படவடிவில் பதிவேற்றியவையும் சொற்றேடலுக்கு உட்படா. ஆதலின் எச்சொல்லை எத்தளத்தில் எந்நாளில் தேடினார், எதனைக் கண்டார், எது கிட்டவில்லை என்பவற்றை மாணவர் குறிப்பேட்டில் பதிவு செய்தல் இன்றியமையாதது. வரைவைப் படிப்பவர் இக்குறிப்பேட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வரைவும் திருத்தமும்

நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைத் தொல்காப்பிய மரபியலும் நன்னூலும் வகுத்துள்ளன. இவற்றைத் தேர்வுக்குரிய மனப்பாடப் பகுதியாக மட்டும் கருதாமல், வரைவைத் திருத்தும் கருவியாகக் கொள்ள இயலும். திருத்தும்போது அவற்றை இரு தொகுதிகளாக்கிக் கொள்வது பயன் தரும். மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல் போன்றவை சிந்தனையின் ஒழுங்கைப் பற்றியவை. வழூஉச்சொல் புணர்த்தல் மொழியைப் பற்றியது.

இவ்வேறுபாடு பள்ளிப்பட்டு போன்ற இருமொழிப் பகுதிக்கு மிகவும் வேண்டுவது. வீட்டில் தெலுங்கு பேசும் மாணவர் எழுத்துத் தமிழைப் பள்ளியில் கற்றவர். அவரது முதல் வரைவில் ஒற்றுப்பிழையும் மயங்கொலிப் பிழையும் மலிந்திருக்கலாம். கருத்தோ புதியதாக இருக்கலாம். ஆசிரியர் எடுத்தவுடன் பிழைகளைச் சிவப்பு மையால் நிரப்பினால், அடுத்த முறை அவர் பிழையற்ற பிறரது தொடர்களை எடுத்தெழுதுவதையே பாதுகாப்பாகக் கருதுவார். எனவே முதல் திருத்தம் வாதத்தையும் சான்றையும் பற்றியதாகவும், இரண்டாம் திருத்தம் மொழியைப் பற்றியதாகவும் அமைதல் வேண்டும்.

பரிந்துரைக்கும் முறை

ஒரு பருவத்தில் பல தலைப்புகளில் எழுதுவிப்பதைக் காட்டிலும் ஒரே கட்டுரையை மூன்று வரைவுகளாக எழுதுவித்தல் நன்று. முதற்கண் மாணவர் இணையப் பாடத்தைக் கேட்டு, தம் ஊர் சார்ந்த வினாவொன்றை அமைப்பார். தறியின் உறுப்புகளுக்கு இருமொழியிலும் வழங்கும் பெயர்கள் அவ்வினாவிற்கு உரிய களமாகலாம். இணையத்தில் தேடியதோடு நெசவாளரிடம் நேரிலும் கேட்டுத் தொகுத்து முதல் வரைவை எழுதுவார். நால்வர் அல்லது ஐவர் கொண்ட குழு அவ்வரைவைப் படித்து வினாக்களை மட்டும் எழுப்பும். இஃது இரண்டாம் காற்கூறு. அவ்வினாக்களுக்கு விடையாக இரண்டாம் வரைவை எழுதி, குழுவின்முன் வாய்மொழியாகவும் விளக்குவார். ஆசிரியர் வாதத்தைத் திருத்திய பின்னர் மொழிச் செம்மையுடன் மூன்றாம் வரைவு உருப்பெறும். இவை எஞ்சிய இரு கூறுகளையும் நிறைவு செய்யும்.

இதற்கு விலைமிக்க கருவிகள் தேவையில்லை. பலர் திருத்தக்கூடிய பகிர்வு ஆவணமும் வாரம் ஒருமுறை இணையவழிக் கூடுகையும் போதும். தேவைப்படுவது ஆசிரியரின் நேரம். வரைவு படித்தலைக் கற்பித்தல் பணிநேரமாகக் கணக்கிடாதவரை இம்முறை தனியாரின் ஆர்வத்தையே நம்பி நிற்கும்; ஆகவே கல்லூரிகள் அதற்குப் பாடவேளை ஒதுக்குதல் வேண்டும்.

முடிவுரை

வட எல்லைப் பகுதியில் மங்கலங்கிழார் ஊரூராகச் சென்று தமிழ் கற்பித்தார். நூல்கள் அரிதாக இருந்த சூழலில் கற்பாரைத் தேடி ஆசிரியர் சென்றார். இன்று நூல்கள் கற்பாரைத் தேடி வருகின்றன. ஆனால் எழுதியதைப் படித்துச் சொல்வார் அருகி விட்டனர். இணையவழிக் கல்வியின் வெற்றியைப் பதிவேற்றிய பாடங்களின் எண்ணிக்கையால் அளப்பதைவிட, படித்துத் திருத்தப்பெற்ற வரைவுகளின் எண்ணிக்கையால் அளப்பதே பொருந்தும். நன்னூல் கூறும் காற்கூற்றோடு நில்லாது முழுமையை நோக்கிச் செல்ல, வரைவைப் படிக்கும் ஒருவரை ஒவ்வொரு மாணவர்க்கும் உறுதி செய்வது தமிழ்த்துறைகளின் கடனாகும்.