இரட்டைச் சம்பளம் எதற்காக?

குறித்த வேலை நேரம் முடிந்த பிறகும் தொழிலாளி பணியில் தொடர்ந்தால் அது மிகைநேரப் பணி. தொழிற்பேட்டைகளில் அதற்குப் பெயர் ஓ.டி. அந்த நேரத்துக்கு வழக்கமான கூலியைப் போல இரண்டு மடங்கு தரவேண்டும் என்பது இந்தியச் சட்டம். தொழிலாளிக்குக் கிடைக்கும் ஊக்கத் தொகை போலத்தான் பலரும் இதை நினைக்கிறார்கள். சட்டத்தின் நோக்கமோ நிர்வாகத்தைத் தடுப்பது. மாதம் 26 நாள் வேலைக்கு 15,600 ரூபாய் வாங்குபவருக்கு நாள் கூலி 600, மணிக் கூலி 75. இரட்டைக் கணக்கில் அவருக்கு நான்கு மணி நேர ஓ.டி. 600 ரூபாய். அதே பணத்துக்கு இன்னோர் ஆளை முழு நாளும் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். ஒருவரையே பன்னிரண்டு மணி நேரம் நிறுத்துவது நிர்வாகத்துக்குக் கட்டுப்படி ஆகக்கூடாது என்பதற்காகவே இந்தக் கணக்கு.

ஓ.டி.க்கு அடிப்படையான எட்டு மணி நேர வேலை நாளுக்காக உயிர் கொடுத்த ஊர்களில் புதுச்சேரியும் ஒன்று. பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த 1930களில் சவானா, ரோடியர், கப்ளே என்ற மூன்று பஞ்சாலைகள்தான் ஊரின் பெரிய தொழில். எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் இந்தியாவில், 1934ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டு முழுதும் ஓடும் ஆலைகளுக்கு நாளைக்குப் பத்து மணி, வாரத்துக்கு 54 மணி என்று வரம்பு வைத்திருந்தது. பிரான்ஸ் தன் நாட்டுத் தொழிலாளர்களுக்கு 1919 ஏப்ரலிலேயே எட்டு மணி நேரச் சட்டம் இயற்றிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் கிடந்த புதுச்சேரி ஆலைகளை இரண்டுமே எட்டவில்லை. ஆலைச் சங்கு ஊதும்போது உள்ளே போனவர்கள் எப்போது வெளியே வருவது என்பதை ஆலை நிர்வாகமே முடிவு செய்தது. தட்டிக் கேட்கச் சங்கம் வைக்கும் உரிமையும் இல்லை.

1934இல் 'சுதந்திரம்' இதழைத் தொடங்கிய வ. சுப்பையா ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டினார். 1935 பிப்ரவரியில் சவானா ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தது. வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும், கூலியை உயர்த்த வேண்டும் என்பவை முக்கியக் கோரிக்கைகள். அடுத்த ஆண்டு கோடையில் பிரான்சில் தொழிலாளர்கள் தொழிற்சாலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். லியோன் புளூம் தலைமையிலான மக்கள் முன்னணி அரசு 1936 ஜூனில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. ஜூலையில் புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்களும் அதே போல உள்ளே அமர்ந்தார்கள். பாரிசில் அந்தப் போராட்டம் சட்டமானது. புதுச்சேரியில் 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. பன்னிரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். ஒரே அரசின் கீழ், ஒரே கோரிக்கைக்கு, ஒன்றரை மாத இடைவெளியில் கிடைத்த இரண்டு விதமான பதில்கள் இவை.

சுப்பையா 1937இல் பாரிசுக்குப் போய் பிரெஞ்சு அரசிடம் முறையிட்டார். அந்த ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் பிரெஞ்சு இந்தியாவுக்கான தொழிலாளர் ஆணை வந்தது. எட்டு மணி நேர வேலை நாளையும் சங்கம் அமைக்கும் உரிமையையும் அது ஏற்றது. ஆசியாவிலேயே முதலில் எட்டு மணி நேரத்தைப் பெற்ற ஊர் புதுச்சேரி என்று தொழிற்சங்கத்தார் இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள். ஜூலை 30ஐ ஆண்டுதோறும் தியாகிகள் நாளாக நினைவுகூர்கிறார்கள்.

பிரிட்டிஷ் இந்தியாவில் இதே இடத்துக்கு வர இன்னும் ஏறக்குறையப் பத்தாண்டு பிடித்தது. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அம்பேத்கரின் பொறுப்பில் இருந்த காலத்தில் முன்னெடுக்கப்பட்ட திருத்தம் 1946இல் சட்டமாகி, வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பைக் கொண்டுவந்தது. சுதந்திர இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அதை விரிவாக்கியது. நாளைக்கு ஒன்பது மணி, வாரத்துக்கு 48 மணி, ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் வேலை கூடாது, இடையில் அரை மணியாவது ஓய்வு. ஓய்வையும் சேர்த்து, உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை பத்தரை மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. ஓ.டி.யையும் சேர்த்து வாரத்துக்கு 60 மணி, மூன்று மாதத்துக்கு 50 மணி நேர ஓ.டி. என்பன பொது வரம்புகளாக இருந்தன. 2025 நவம்பர் 21 முதல் இதன் இடத்தில் பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம் தொடர்பான புதிய சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அதில் நாளைக்கு எட்டு மணி, ஓ.டி.க்கு முன்போலவே இரு மடங்கு. தொழிலாளி சம்மதித்தால்தான் ஓ.டி. வாங்கலாம் என்றும் இருக்கிறது. எத்தனை மணி நேரம் வரை வாங்கலாம் என்பதை மட்டும் அரசின் விதிகளுக்கு விட்டுவிட்டார்கள். கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் அது.

சட்டம் காகிதத்தில் உறுதியாகவே இருக்கிறது. அது உடைவது சம்பளச் சீட்டில். மிகப் பரவலான வழி 'சிங்கிள் ஓ.டி.': கூடுதல் நேரத்துக்கும் சாதாரண மணிக் கூலியையே தருவது. மேலே சொன்ன தொழிலாளியின் நான்கு மணி நேரம் 300 ரூபாயில் முடிந்துவிடும். புதிய ஆள் எடுத்தால் அவருக்கு பி.எஃப்., போனஸ், விடுப்பு என்று எல்லாம் சேரும். எனவே தடை மறைந்து, பழைய ஆளைப் பிழிவதே லாபம் என்றாகிறது. இன்னொரு வழி, 'பேசிக்'கை மட்டும் வைத்து இரட்டிப்பது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி போனஸையும் ஓ.டி. தொகையையும் கழித்துவிட்டு, படிகளையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டியிருந்தது. மூன்றாவது வழிக்குக் கணக்கே கிடையாது. எட்டு மணி ஷிப்டுகள் மூன்று ஓட வேண்டிய இடத்தில் 'டே', 'நைட்' என்று பன்னிரண்டு மணி நேர ஷிப்டுகள் இரண்டை வைத்து, மாதச் சம்பளம் என்று ஒரே தொகையைக் கொடுத்துவிடுவார்கள். காவலாளி வேலையில் இதுவே வழக்கமாகிவிட்டது. மாற்றுக்கு வரவேண்டியவர் வராவிட்டால் அடுத்த பன்னிரண்டு மணியும் அதே ஆள்தான்.

தொழிலாளியும் விரும்பித்தானே செய்கிறார் என்பார்கள். உண்மைதான், ஓ.டி. கேட்டு வாங்குபவர்கள் நிறையப் பேர். வாடகை, பிள்ளைகளின் கட்டணம், குழுக்கடன் தவணை எல்லாம் எட்டு மணி நேரச் சம்பளத்தில் அடங்காதபோது வேறு வழி என்ன? அடிப்படைக் கூலி போதாத இடத்தில் வாங்கப்படும் சம்மதத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இப்படிச் சேரும் பணம் முதுமைக்கும் உதவாது. ஓ.டி. தொகைக்கு பி.எஃப். பிடிப்பு கிடையாது. இருபது ஆண்டு ஓ.டி. பார்த்தவரின் வைப்பு நிதியில் அந்த உழைப்புக்கு ஒரு ரூபாய்கூடச் சேர்ந்திருக்காது.

உடம்பின் கணக்கு தனி. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதயத் தமனி நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் மதிப்பிட்டன. இவ்விரண்டு நோய்களிலும் நீண்ட வேலை நேரம் காரணமாக 2016இல் மட்டும் 7,45,000 பேர் இறந்தார்கள் என்பது அவற்றின் கணக்கு. பன்னிரண்டு மணி ஷிப்டை வாரத்தில் ஆறு நாள் பார்ப்பவர் 72 மணி நேரத்தில் நிற்கிறார். இரவு ஷிப்டு என்றால் பகலில் விட்டுவிட்டுத்தான் தூக்கம். இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவருக்குக் கண் ஒரு நொடி செருகினால் போதும், விரல் போய்விடும்.

பன்னிரண்டு மணி நேரத்தைச் சட்டமாக்கும் முயற்சிகளும் வராமல் இல்லை. கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில், குஜராத் அரசு பன்னிரண்டு மணி நேர வேலைக்கு அனுமதி கொடுத்து, இரட்டைக் கூலியையும் நீக்கி ஆணையிட்டது. அந்த அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, செய்த ஓ.டி.க்குச் சட்டப்படியான தொகையைக் கொடுக்கச் சொன்னது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறிய திருத்தம், தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. எதிர்த்துக் கேட்க அமைப்பு இருந்த இடங்களில் எட்டு மணி நேரம் தப்பியது.

புதுச்சேரியில் அந்த அமைப்பைப் பெற்ற ஆலைகள் இன்று ஓய்ந்துவிட்டன. ரோடியர் ஆலையாக இருந்த ஏ.எஃப்.டி. 2020இல் மூடப்பட்டது. வேலை இப்போது தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளில், பெரும்பாலும் ஒப்பந்ததாரர்கள் மூலம். அந்த வேலைக்கு ஆள் தயாராகும் இடங்களில் ஒன்று நகரின் லாஸ்பேட்டை. மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக், மகளிர் பாலிடெக்னிக், தாகூர் கலைக் கல்லூரி என்று படிக்கும் பிள்ளைகள் நிறைந்த பகுதி அது. டிப்ளமோ முடித்த கையோடு ஷிப்டுக்குப் போகும் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு லேத்தும் மோட்டாரும் தெரிந்திருக்கும். மணிக் கூலியைக் கணக்கிடுவது எப்படி, ஓ.டி.க்கு இரட்டிப்பு எதிலிருந்து, புகாரை எந்த அலுவலகத்தில் கொடுப்பது என்பதெல்லாம் தெரிந்திருக்காது. இந்தக் கல்லூரிகள் இறுதி ஆண்டில் ஒரு வாரத்தை ஒதுக்கி இதைக் கற்றுக்கொடுக்க வேண்டும். வேலைக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால், அடுத்த மாதச் சம்பளச் சீட்டை வாங்கி ஓ.டி. தொகையைப் பெற்றோர் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.